‘தின்னிருக்கும்’ என்றேன்

எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்த வருடங்களில் நடந்தது இது. கடற்கரைச் சாலையில் வரிசையாக எட்டு பங்களாக்கள். துறைமுக வேலைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர்களும் பெரிய அதிகாரிகளும் அவற்றில் குடியிருந்தார்கள். மூன்றாவது பங்களாவில் ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் துரையிடம் நான் சமையலுக்கும் மேல்வேலைக்கும் இருந்தேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். முப்பது வயது ஆகியிருக்காது.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. இங்கிலீஷ் எழுத்துகளை பிஸ்கட் டப்பா, பவுடர் டின், தீப்பெட்டி என்று கையில் கிடைத்ததை வைத்து நானாகவே கற்றுக்கொண்டேன். எழுத்துக் கூட்டிவிடுவேன், அர்த்தம்தான் பாதி புரியும் பாதி புரியாது. ஆனால் எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று சொல்லித்தான் அந்த வேலையில் சேர்ந்திருந்தேன். துரை என்ன சொன்னாலும் “எஸ் சார்” என்பேன். அந்த இரண்டு வார்த்தையை வைத்தே ஒரு வருடம் ஓட்டிவிட்டேன்.

துரை தனி ஆள். துணைக்கு அவர் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஒரு நாய். வெள்ளை உடம்பு, காது மட்டும் காப்பிப்பொடி நிறம். பார்க்க அழகுதான், சாப்பாட்டு விஷயத்தில்தான் அது படுத்தாத பாடு இல்லை. ஆட்டு ஈரல் வேகவைத்துக் கொடுத்தேன், கோழி கொடுத்தேன், முட்டை கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, ‘இதையா எனக்கு?’ என்பது போல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்கென்றே கப்பலில் வரும் டின் கறி ஒன்றைத்தான் தொடும். அதைத் துரையே தன் கையால் போடுவார். கூழ் மாதிரி ஈரமாக இருக்கும் அந்தக் கறி. ஒரு டின்னை உடைத்தால் பாதியைத் தின்னும். மீதிப் பாதியை மறுநாளைக்கு எப்படி வைப்பது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அந்தச் சாலைக்கு தினமும் காலையில் ஒரு மீன்கார அக்கா வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போய் ஆழத்தில் இரண்டு காதும் போய், வீட்டோடு இருந்தார். அந்த அக்கா தலையில் சுமக்கிற மீன்பெட்டியை நம்பித்தான் அந்தக் குடும்பம். எட்டு பங்களாவும் அவருடைய வாடிக்கை. “சாளேய்... நெத்திலியேய்...” என்று முதல் வாசலில் எடுத்தாரென்றால் எட்டாவது வாசல் வரைக்கும் குரல் இறங்காது.

ஆட்கள் பேசுகிற பேச்சு என்றால் எனக்கு உயிர். யார் என்ன ரசமாகச் சொன்னாலும் மனசில் எழுதி வைத்துக்கொள்வேன். அதனால் அந்த அக்கா வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுக்கூட ஓடுவேன். நாய்க்கு அவர் வைத்த பெயர் மருமவன்.

“ஏ தம்பி, மருமவன் சாப்பிட்டாவளா? இல்ல, இன்னைக்கும் கோவமா?” என்று கேட்டுக்கொண்டுதான் பின்வாசலில் பெட்டியை இறக்குவார். தினமும் ஒரு சாளை மீனை எடுத்து அதன் முன்னால் போடுவார். அது ஒருநாள்கூடத் தொட்டதில்லை. தலையைத் திருப்பிக்கொள்ளும்.

“பாத்தியா! கடற்கரையில நான் பெட்டி தூக்குன நாள்ல இருந்து, என் மீனப் பாத்து மூஞ்சியத் திருப்புன மொத ஆளு இவுகதான்” என்று சொல்லி, அந்தச் சாளையைக் காக்காய்க்கு வீசிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்த நாய் அவருடைய மீனைத் தொடாது என்பது உலகத்திலேயே எங்கள் இரண்டு பேருக்கும்தான் நன்றாகத் தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் துரை பத்து நாள் வேலையாக மதராஸ் புறப்பட்டார். புறப்படுவதற்கு முன் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒரு டின்னை உடைத்துக் காட்டினார். பாதியை நாயின் தட்டில் போட்டார். மீதியை டின்னிலேயே விடாமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மேலே ஒரு தட்டை மூடி, ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். இரண்டு விரலைக் காட்டி என்னமோ சொன்னார். குப்பைக்கூடையைக் காட்டினார். கடைசியாகத் தன் இடது மணிக்கட்டின் உள்பக்கத்தை இரண்டு தரம் தொட்டுக் காட்டினார்.

“எஸ் சார்” என்றேன்.

மணிக்கட்டைத் தொட்டதை நான் கடிகாரம் என்று எடுத்துக்கொண்டேன். நேரம் தவறாமல் போடச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு விரலுக்கு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். குப்பைக்கூடையைக் காட்டியது காலி டின்னுக்காக. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஓர் அர்த்தம் தயாராக இருந்தது. ஒருமுறை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்டால் இங்கிலீஷ் தெரியாத குட்டு உடைந்துபோகுமே!

மறுநாள் காலை எட்டு மணிக்கு, மணி பிசகாமல், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்று அப்படியே போட்டேன். நாய் மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. சாயந்தரமும் அதேதான், அடுத்த நாளும் அதேதான். துரை திரும்பி வரும்போது நாய் எலும்பும் தோலுமாக நின்றால் என் கதி என்ன?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் வீட்டில் மீன்குழம்பு மீந்தால் மண்சட்டியிலேயே இருக்கும். காலையிலும் மாலையிலும் ஒரு சூடு காட்டினால் மூன்று நாள் ஆனாலும் ஒன்றும் ஆகாது. நாளாக ஆகத்தான் ருசியே. புதுக்குழம்பு வைக்கிற அன்றைக்குப் பழசு கொஞ்சம் மீந்திருந்தால் அதையும் அதிலேயே ஊற்றிவிடுவோம். இதுவும் கறி, அதுவும் கறி. நாய்க்குப் பிடிக்காதது அந்தச் சில்லிப்புதானே? நம் முறையிலேயே வைத்தால் என்ன?

ஒரு மண்சட்டி எடுத்தேன். டின் கறியை அதில் போட்டு மூடி, கடல்காற்று வருகிற ஜன்னலில் வைத்தேன். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால் தின்னாது என்று வேளைக்கு ஒருமுறை லேசாக, விரல் பொறுக்கிற அளவுக்குச் சூடு காட்டினேன். அன்றைக்கு அந்த நாய் தட்டையே நக்கி எடுத்துவிட்டது! எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. துரைக்கே தெரியாத பக்குவம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்தடுத்த நாளில் அது தட்டில் மிச்சம் வைத்ததையும் சட்டியிலேயே திரும்பக் கொட்டினேன். புது டின் உடைத்தால் அதையும் அதன்மேலேயே போட்டேன். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்றுதானே வளர்ந்திருக்கிறோம்.

துரை போன ஏழாம் நாள் காலையில் நாய் எழுந்திருக்கவில்லை. பின்வாசலில் வாந்தி எடுத்துக் கிடந்தது. வயிறும் போயிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து அந்த அக்கா பெட்டியோடு வந்தார்.

“மருமவன் எங்கலே தம்பி?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பார்த்ததும் பெட்டியை இறக்கிவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் அதன் வாயைத் துடைத்தார். துடைத்த முந்தானையை ஒரு நிமிஷம் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். “மாட்டு டாக்டரக் கூப்புடு, ஓடு” என்று மட்டும் சொன்னார்.

நான் ஓடுவதற்குள் சூப்பிரண்டு வந்துவிட்டார். எட்டு பங்களாவையும் மேற்பார்வை பார்க்கிற கம்பெனி ஆள் அவர். பின்வாசலில் நுழைந்து நாயைப் பார்த்ததுமே குரல் வந்தது.

“ஏலே, துரை நாய்க்கு என்னத்தலே குடுத்த? அவரு இன்னும் மூணு நாள்ல வாராரு. இதுக்கு ஒண்ணுன்னா உன் சீட்டு கிழிஞ்சுதுன்னு வச்சிக்கோ. சொல்லுலே, என்னத்தத் தின்னுச்சு?”

ஜன்னலில் மண்சட்டி இருந்தது. என் முதுகுக்குப் பின்னால்தான். எனக்கு அது தெரிந்தது. எதிரே தரையில் மீன்பெட்டி இருந்தது. அது சூப்பிரண்டுக்குத் தெரிந்தது. அவர் பார்வை அந்தப் பெட்டிமேல் போய் நின்றதை நான் பார்த்தேன். நான் தேடக்கூட இல்லை, பொய் தானாக வந்து கையில் விழுந்தது.

“மீன் ஏதாவது... தின்னிருக்கும் சார்” என்றேன்.

தின்றது என்று நான் சொல்லவில்லை. தின்னிருக்கும் என்றுதான் சொன்னேன். அந்த ‘இருக்கும்’ என்கிற வார்த்தைக்குள் நான் ஒளிந்துகொண்டேன். அது பொய் இல்லை, வெறும் சந்தேகம்தான் என்று அந்த நொடியிலேயே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த அக்கா எழுந்துவிட்டார். “ஐயா, நல்லாருக்கே கத! இது என் மீன மோந்துகூடப் பாக்காது. தம்பிக்குத் தெரியும். தெனமும் ரெண்டு பேரும் அதச் சொல்லித்தான சிரிப்போம். தம்பி, சொல்லேன்டா.”

“நீ தெனமும் மீன் போடுறத நானே பாத்துருக்கேன். வாய மூடு” என்றார் சூப்பிரண்டு.

“தம்பி, சொல்லு” என்றார் அக்கா மறுபடி.

“நாய்க்குத் தண்ணி எடுத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற சத்தத்தை வேண்டுமென்றே பெரிதாகப் பண்ணினேன். திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, அவரும் இல்லை.

சூப்பிரண்டு ஆள் அனுப்பி மாட்டு டாக்டர் வந்தார். “என்ன தின்னுச்சு?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பிரண்டு சொன்னார்: “மீன் தின்னுட்டு டாக்டர். கெட்டுப்போன மீன்.”

என் காது கேட்கவே, அரைமணி நேரத்துக்குள், நான் ஒளிந்திருந்த ‘இருக்கும்’ உதிர்ந்துபோயிற்று. ‘கெட்டுப்போன’ என்று ஒன்று புதிதாக ஒட்டிக்கொண்டது. மறுநாள் எட்டு பங்களாச் சமையலறையிலும் பேச்சு இதுதான். ஐந்தாவது பங்களாச் சமையல்காரர் என்னைச் சாலையில் நிறுத்தி, “நாயே தாங்கல, மனுசன் தாங்குவானாய்யா? நல்லவேள, ஒங்க நாய் எங்களக் காப்பாத்திட்டு” என்றார். ஊரில் யாரையும் எதையும் சொல்லிவிடலாம். ஒரு மீன்காரியைப் பார்த்துக் கெட்ட மீன் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

டாக்டர் ஊசி போட்டார். கஞ்சித்தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊற்றினேன். மண்சட்டியைப் பின்னால் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே புதைத்தேன். அந்த நாய் கெட்டி உயிர். இரண்டாம் நாள் வாலை ஆட்டியது.

அது படுத்திருந்தபோதுதான் ஒரு காலி டின்னைக் கையில் எடுத்தேன். ஒட்டியிருந்த காகிதத்தில் பொடி எழுத்தில் என்னமோ இருந்தது. என்னிடம் இருந்த கிழிந்த அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். உடைத்த பிறகு வேறு பாத்திரத்துக்கு மாற்று. மூடிக் குளிரில் வை. இரண்டு நாளைக்குள் முடி. மிஞ்சினால் எறிந்துவிடு. துரை இரண்டு விரலைக் காட்டியதும் குப்பைக்கூடையைக் காட்டியதும் எழுத்தாகவே அந்த டின்மேல் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. தினமும் அதைக் கையில் பிடித்துத்தான் உடைத்திருக்கிறேன்.

துரை வந்தார். நாய் மெலிந்திருப்பதைப் பார்த்துப் பதறினார். சூப்பிரண்டு கதையைச் சொன்னார், நான் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னார். துரை என் பக்கம் வந்து கையை நீட்டினார். அதுவரைக்கும் ஒரு துரை எனக்குக் கை கொடுத்தது கிடையாது. நானும் நீட்டினேன். பிறகு அவர், டின்மேல் படித்தபடி நான் ஃப்ரிட்ஜில் மூடி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தார். ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கலந்தார். துளி எடுத்துத் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிள்ளைக்குப் பால் புகட்டுமுன் தாய்மார் சூடு பார்ப்பார்களே, அதே மாதிரி. நாய் வந்து சமர்த்தாகத் தின்றது.

கடிகாரம் இல்லை. சில்லிப்பு போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு சாலையில் அந்தக் குரல் கேட்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பத்து நாள் கழித்து, ஒரு காலையில் வள்ளங்கள் கரையேறுகிற இடத்துக்குப் போனேன். ஏலம் முடிந்து அந்த அக்கா மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெட்டியில் பாதிகூட இல்லை.

“யக்கா” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “என்ன வேணும் அண்ணாச்சி?”

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நேற்றுவரை தம்பி. திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த அண்ணாச்சியை என்னால் தாங்க முடியவில்லை.

“நாய்க்கு ஆனது மீனால இல்லக்கா. டின் கறியச் சட்டியில போட்டு வெளிய வச்சிட்டேன். நாந்தான்...”

“தெரியும்.”

“எப்படிக்கா?”

“அன்னைக்கே தெரியும். முந்தியால வாயத் தொடச்சேம்லா? மீன் நாத்தம் எனக்குத் தெரியாதா? உப்பும் இல்ல, புளியும் இல்ல, அந்தக் கறியச் சட்டியில வச்சா எப்படி அண்ணாச்சி கெடாம நிக்கும்? மீங்கொழம்பு நிக்குதுன்னா சட்டியாலயா நிக்கி? புளியாலல்லா நிக்கி.”

“அப்பமே சொல்லியிருக்கலாமேக்கா.”

கையிலிருந்த மீனைப் பெட்டியில் வைத்தார். “நல்லாக் கேட்டீரு. மீன் விக்கிறவ மூக்க எந்தக் கோர்ட்டுல சாட்சிக்குக் கூப்புடுவாவ? எனக்கு இருந்த சாட்சி நீரு ஒருத்தருதான். ரெண்டு தரம் கூப்புட்டேன். நீரு தண்ணி எடுக்கப் போயிட்டீரு.”

பக்கத்தில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“இங்கன வந்து என் காதுல சொல்லி என்ன ஆவப்போவுது? உம்ம வாயால போன யாவாரம். உம்ம வாயாலயே வரட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் துரை நல்ல மனநிலையில் இல்லை என்று தள்ளிப்போட்டேன். அதற்கு மறுநாள் சூப்பிரண்டு ஊரில் இல்லை. இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டினேன். இதை எழுதும்போது, அந்த ‘இருக்கும்’ என்பதைவிட இந்த இரண்டு வாரம்தான் எனக்கு அதிகம் கூசுகிறது. அது பயத்தில் வாயிலிருந்து நழுவியது. இந்த நாட்களில் நான் நிதானமாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

கடைசியில் ஒருநாள் துரை என்னைக் கூப்பிட்டு, தன் ஊருக்குப் போகும்போது எனக்கு நல்ல சர்ட்டிபிகேட் எழுதித் தருவதாகச் சொன்னார். நாயைக் காப்பாற்றினேனாம். அப்போதுதான் உடைந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கையால் சட்டி மாதிரி வளைத்துக் காட்டி, ஜன்னலைக் காட்டி, சொல்லி முடித்தேன். புரிந்துகொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. கோபப்படவில்லை. “புரியவில்லை என்றால் கேட்டிருக்கலாமே” என்கிற மாதிரி ஒன்று சொன்னார். அந்த ஒன்று மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது. வேலை போகவில்லை. சர்ட்டிபிகேட் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

சூப்பிரண்டிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “நாய்தான் பொழச்சிட்டுல்லா? ஒரு மீன்காரிக்காகவாலே இம்புட்டு மூஞ்சி? போயி வேலையப் பாரு” என்றார்.

நானே போனேன். மற்ற ஏழு பங்களாச் சமையலறைக்கும், ஒவ்வொரு பின்வாசலாக. ‘சட்டியில் வைத்தது நான், கெட்டது என் கறி, மீன் இல்லை’ என்று சொன்னேன். சிலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஐந்தாவது பங்களாக்காரர் சொன்னது மறக்காது: “அப்படியா? சரிதான். ஆனாலும் அவ மீனு வேண்டாம்யா, ஏன்னு தெரியல, ஒருமாதிரி இருக்கு.” பொய் ஒரே நாளில் எட்டு வாசலையும் தாண்டிவிட்டது. உண்மையை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், அது பாதி வாசலில்தான் ஏறியது. மறுபடி மறுபடி போய்ச் சொன்னேன். மெல்ல மெல்ல ஒவ்வொரு வீடாக வழிக்கு வந்தது. ஐந்தாவது வீடு கடைசியாக வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் சாலை முனையில் “சாளேய்... நெத்திலியேய்...” என்று கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். நாயும் கூடவே ஓடி வந்தது. முதல் வாசல், இரண்டாவது வாசல், குரல் வந்துகொண்டே இருந்தது. எங்கள் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. பெட்டியைத் தலையில் நேராக வைத்துக்கொண்டு, கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு, அந்த அக்கா ஒன்றும் பேசாமல் நடந்து போனார். நாய் கேட் அருகே நின்று வாலை ஆட்டியது. அதையும் பார்க்கவில்லை. நாலாவது வாசலில் அந்தக் குரல் விட்ட இடத்திலிருந்து எழும்பியது. நான் அந்த வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும் தினமும் இப்படித்தான்.

இன்றைக்கும் யாரைப் பற்றியாவது ‘அவன் எடுத்ததாக இருக்கும்’, ‘அவள் செய்ததாக இருக்கும்’ என்று நாக்கு நுனிக்கு ஒரு ‘இருக்கும்’ வந்தால், இரண்டாவது வாசலுக்கும் நாலாவது வாசலுக்கும் நடுவே அந்தக் குரல் நின்றுபோன இடம் என் காதில் கேட்கிறது. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.